கழுவக் கழுவ உப்பு பூத்த தளம்

இன்று காலை கொல்லைப்புறத்துச் செங்கல் தளத்தை விரலால் தேய்த்துப் பார்த்தேன். விரலில் செம்புழுதி ஒட்டியது, வெள்ளை ஒட்டவில்லை. தெற்கிலிருந்து வரும் சோழகக் காற்று விடாமல் அடிக்கத் தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. போன வருஷம் இதே காற்றில் தளம் முழுக்க அரிசி மாவைக் கொட்டியதுபோல் வெளுத்துக் கிடந்தது. அதனால் இப்போது தைரியமாக எழுதலாம். ஏழு மாதம் ஆகியிருக்கிறது, 9,840 ரூபாய் செலவாகியிருக்கிறது, எத்தனை தப்பு செய்தேன் என்பதைக் கீழே நீங்களே எண்ணிக்கொள்ளலாம்.

வீடு இருப்பது உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவில். வடக்கே போனாலும் கடல், தெற்கே போனாலும் கடல். எங்கள் வீட்டிலிருந்து தென்கடலுக்கு நடந்தே பத்து நிமிடம். மண் முழுக்க மணல், முப்பது அடியில் போர்வெல், தண்ணீர் உப்பு. குடிக்கவும் சமைக்கவும் காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாய்; மற்ற எல்லாவற்றுக்கும் போர் தண்ணீர். இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் என் ஏழு மாதக் கதையும் அடங்கியிருக்கிறது. எனக்கு அது அப்போது தெரியவில்லை.

வீட்டுக்கு முன்னால் 22 அடிக்கு 14 அடி சிமெண்ட் வாசல். பின்னால் 16 அடிக்கு 10 அடியில் செங்கல் பாவிய தளம். அதன் ஒரு மூலையில் துவைகல், இன்னொரு மூலையில் கோழிக்கூடு, மேலே பூவரசு நிழல். தளத்தின் ஓரத்தில் தாத்தா காலத்துப் பவளக்கல் வரிசை ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் இந்தக் கரையில் கடற்கல்லை எடுத்து, அதையே சுட்டுச் சுண்ணாம்பாக்கி, வீடு கட்டுவது வழக்கம். 1986இல் மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்கா ஆன பிறகு பவளப்பாறையைத் தொடவே கூடாது என்று ஆகிவிட்டது, அது நியாயமும்கூட. அதனால் இருக்கிற கல் போனால் போனதுதான். இதையும் நான் வேலையில் இறங்கும்போது நினைத்துப் பார்க்கவில்லை.

கார்த்திகை மழையில் அம்மா துவைகல் பக்கம் பாசியில் வழுக்கி விழுந்தார். இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. கட்டுப் போட்டுத் திரும்பி வந்த அன்று ராத்திரியே, இந்தத் தளத்தைச் சுத்தம் செய்யாமல் விடுவதில்லை என்று முடிவெடுத்தேன்.

மார்கழியில் மழை விட்டதும் பிளீச்சிங் பவுடரில் ஆரம்பித்தேன். ஒரு கிலோ 60 ரூபாய், இரண்டு பாக்கெட். பத்து லிட்டர் பிளாஸ்டிக் வாளியில் 100 கிராம் போட்டுக் கலக்கி, கலக்கிய சூட்டோடு தளத்தில் ஊற்றித் தேய்த்தேன். காலை பதினோரு மணி, நல்ல வெயில். அரை மணி நேரத்தில் காய்ந்துவிட்டது. பாசி கொஞ்சம் வெளுத்தது. ஆனால் தளம் முழுவதும் சுண்ணாம்பு அடித்தது மாதிரி ஒரு மங்கல். பவுடரில் கரையாத சுண்ணாம்பு நிறைய இருக்கும், அந்த வண்டலையும் சேர்த்துச் செங்கல்லுக்குள் தேய்த்துவிட்டேன். அது போதாதென்று, வெயில் பட்டால் பிளீச்சிங்கின் வீரியம் போய்விடும்.

இரண்டாவது தடவை ஒழுங்காகச் செய்தேன். முதல் நாள் ராத்திரியே கலக்கி, மூடியை இறுக்காமல் மேலே வைத்து, திறந்த இடத்தில் விட்டுவிட்டேன். மறுநாள் சாயங்காலம் மேலே தெளிந்த நீரை மட்டும் வேறு வாளிக்கு இறுத்து, நிழல் விழுந்த பிறகு பூவாளியால் தெளித்தேன். பதினைந்து நிமிடம் காயவிடாமல் ஊறவைத்து, பனை நாரில் செய்த பனந்தும்பு பிரஷால் தேய்த்துக் கழுவினேன். பாசி கையோடு வந்தது. பனந்தும்பு பிரஷைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் பிரஷ் செங்கல்லின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். கம்பி பிரஷ் செங்கல்லைக் கீறும், உடைந்த கம்பித் துணுக்குகள் இடுக்கில் தங்கி அடுத்த மழையில் துருப்பொட்டாகும். பனந்தும்பு இரண்டுக்கும் நடுவில் நிற்கும், விறைப்பு இருக்கும், ஆனால் கல்லைத் தின்னாது. பனை இருக்கிற நம் மாவட்டத்தில் இதற்குப் பஞ்சமில்லை. 80 ரூபாய்க்கு வாங்கியது இன்னும் பாதி தேயவில்லை.

அருகில் இருந்த முருங்கைக்கு மட்டும் முதலிலேயே நல்ல தண்ணீர் ஊற்றி வேரை நனைத்து வைத்தேன். காய்ந்த மண் பிளீச்சிங் தண்ணீரை அப்படியே உறிஞ்சும், நனைந்த மண் அவ்வளவு உறிஞ்சாது. முருங்கை பிழைத்தது. அடுத்திருந்த துளசித்தொட்டி பிழைக்கவில்லை.

கழுவியது போர் தண்ணீரில். மோட்டாரைப் போட்டு, குழாயைப் பிடித்து, மனசு நிறைகிற வரைக்கும் அடித்தேன்.

தை பிறந்து நாலு நாள் நல்ல வெயில் அடித்ததும் செங்கல் வெளுக்க ஆரம்பித்தது. முதலில் ஓரங்களில், பிறகு நடுவில். தொட்டால் மாவு மாதிரி வந்தது. பிளீச்சிங் வண்டலின் மிச்சம் என்று நினைத்து மறுபடி கழுவினேன். மூன்று நாளில் முன்பைவிட அதிகமாகப் பூத்தது. அம்மா கட்டுப் போட்ட கையோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “என்னடா, வாலிநோக்கத்து உப்பளத்தக் கொண்டாந்து கொல்லையில போட்டாப்ல இருக்கு” என்றார். நான் ரோஷப்பட்டேனே தவிர, அவர் சொன்ன ‘உப்பு’ என்ற வார்த்தையைக் காதில் வாங்கவில்லை.

அப்புறம்தான் ஆசிட். ஹார்டுவேர் கடையில் கேட்டால் யாரும் யோசிக்கக்கூட மாட்டார்கள், “ஆசிட் ஊத்துங்க, பளிச்சுன்னு ஆயிடும்” என்பார்கள். டைல்ஸ் ஒட்டியவர்கள் கடைசியில் ஊற்றிக் கழுவுகிற அதே ஹைட்ரோகுளோரிக் ஆசிட், பாட்டில் 50 ரூபாய், மூன்று வாங்கினேன். கைக்கு ரப்பர் உறை போட்டேன், கண்ணாடி போட்டேன், காலில் வெறும் ரப்பர் செருப்பு, இடுப்பில் கைலி. வாளியில் முதலில் தண்ணீர் பிடித்து, அதில் ஆசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். ஆசிட்டின் மேல் தண்ணீர் ஊற்றினால் சூடாகித் தெறிக்கும் என்பது மட்டும் பள்ளிக்கூடத்திலிருந்து நினைவிருந்தது. ஒரு பங்கு ஆசிட்டுக்கு நாலு பங்கு தண்ணீர். இப்போது கேட்டால் அதுவே ரொம்ப அதிகம் என்பேன்.

கோழிக்கூட்டு மூலையில் ஊற்றிய மறுநொடி மூக்கில் ஊசி ஏற்றியது மாதிரி ஒரு நெடி. நீச்சல் குளத்து வாசனையை நூறு மடங்கு ஆக்கினால் எப்படியோ அப்படி. தொண்டை அடைத்து இருமல் வந்தது. அந்த மூலையில் முந்தின வாரம் பிளீச்சிங் தண்ணீர் தேங்கி, கழுவாமல் காய்ந்து கிடந்திருக்கிறது. வண்டல் வாளியையும் அங்கேதான் கவிழ்த்திருந்தேன். பிளீச்சிங்கும் ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழும். கூட்டில் அடைகாத்துக்கொண்டிருந்த கோழி எழுந்து சிறகடித்ததைப் பார்த்துத்தான் எனக்குப் புத்தி வந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு கூடையோடு கோழியைத் தூக்கி, காற்று வருகிற பக்கமாக, முன்வாசலுக்கு ஓடினேன். அம்மாவையும் வெளியே கூப்பிட்டு, பின்கதவைச் சாத்தினேன். இரண்டு மணி நேரம் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. திறந்த வெளி, வாடைக்காற்று நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. அதனால் ராத்திரி வரை இருமலோடு போயிற்று. இதே காரியத்தைக் கதவைச் சாத்திக்கொண்டு குளியலறைக்குள் செய்திருந்தால் ஆஸ்பத்திரிக்குத்தான் போயிருக்க வேண்டும். இருமல் நிற்காவிட்டாலோ மூச்சு இழுத்தாலோ அப்படித்தான் போக வேண்டும், வீட்டு வைத்தியம் கூடாது.

முகத்தில் துணி கட்டியிருக்கக் கூடாதா என்று கேட்காதீர்கள், துணி மாஸ்க் வாயுவைத் தடுக்காது. இன்னொன்று: கக்கூஸ் கழுவ விற்கிற திரவங்கள் பலவற்றில் இருப்பதும் இதே ஆசிட்தான். பாட்டிலில் ஆசிட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்காது. அதையும் பிளீச்சிங்கையும் ஒரே நாளில், ஒரே தரையில் எடுக்கவே கூடாது.

அத்தோடு விட்டிருக்க வேண்டும். மறுநாள் மூலையைக் குழாய் வைத்து நன்றாக அலசிவிட்டு, மீதித் தளத்தில் ஆசிட்டை ஊற்றினேன். அந்த வெள்ளை உடனே மறைந்தது. கூடவே செங்கல்லுக்கு இடையில் இருந்த சிமெண்ட் பாயிண்டிங் நுரைத்துக்கொண்டு மேல்தோல் போயிற்று. வழிந்த ஆசிட் ஓரத்துப் பவளக்கல்லில் பட்டதும் சோடா பாட்டிலைத் திறந்தது மாதிரி சீறியது. பவளக்கல் என்பதே சுண்ணாம்பு, ஆசிட் அதைக் கரைக்காமல் விடுமா? நாலு கல்லில் இப்போது விரல் நுழைகிற அளவுக்குக் குழி இருக்கிறது. நான் கட்டியிருந்த கைலி அடுத்த சலவையில் சல்லடையாகித் திரும்பி வந்தது.

இன்னொரு வினோதமும் நடந்தது. ஆசிட் பட்ட இடங்கள் அதற்குப் பிறகு காலையில் காயவே இல்லை. மற்ற இடம் உலர்ந்திருக்கும், அங்கே மட்டும் தண்ணீர் தெளித்ததுபோல் ஈரத்திட்டுகள். கொத்தனார் அண்ணன்தான் காரணம் சொன்னார்: “ஆசிட்டு சிமெண்டோட சேந்து வேற ஒரு உப்பாயிருது தம்பி. அது காத்துல இருக்குற ஈரத்தக் குடிக்கும்.” கால்சியம் குளோரைடைத்தான் சொல்கிறார். உப்பை எடுக்க நான் ஊற்றியது இன்னொரு உப்பைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறது. பத்து நாள் கழித்து வெள்ளையும் பழையபடி வந்தது.

மாசியில் பிரஷர் மெஷின். பைக் கழுவுகிற வாட்டர் சர்வீஸ் கடைக்காரர் ஒருவர் தெரிந்தவர், ஒரு நாளைக்கு 500 ரூபாய்க்குக் கொடுத்தார். எக்ஸ்டென்ஷன் போர்டைப் பூவரசுக் கிளையில் கட்டித் தொங்கவிட்டேன், ஒயர் தரையில் கிடக்கக்கூடாது என்பதற்காக. காலுக்கு 380 ரூபாயில் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் வாங்கியிருந்தேன். முன்வாசல் சிமெண்டில் விசிறிபோல் விரிகிற நாசிலை வைத்து, ஒரு அடி தூரத்தில் பிடித்து, சாய்வாக இழுத்தேன். பல வருஷத்து அழுக்கு கோடு கோடாக உரிந்து வந்தது. அந்த ஒரு மணி நேரம் என் வாழ்க்கையிலேயே திருப்தியான நேரங்களில் ஒன்று. அந்தத் திமிரில் பின்பக்கம் போய், செங்கல்லுக்கு இது போதாது என்று கூர்முனை நாசிலை மாட்டினேன்.

முதல் இழுப்பிலேயே ஒரு செங்கல்லின் சுட்ட மேல்தோல் பெயர்ந்து, உள்ளே வேகாத வெளிறிய செங்கல் தெரிந்தது. இரண்டாவது இழுப்பில், ஆசிட்டில் ஏற்கெனவே இளகிப்போன பாயிண்டிங் கட்டி கட்டியாகத் தெறித்தது. அணைத்துவிட்டுக் குனிந்து பார்த்தேன். இடுக்கிலிருந்து மணல் பீய்ச்சிக்கொண்டு வெளியே வந்து கிடந்தது. அந்த மணலில் சின்னச் சின்னச் சிப்பிகள்.

கடற்கரை மணல். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் தளம் பாவியவர், இரண்டு மாட்டுவண்டிக் கடல்மணலை விரித்து அதன்மேல் செங்கல்லை அடுக்கியிருக்கிறார். அப்போது வண்டியைப் பார்த்த ஞாபகம் எனக்கே இருக்கிறது. மணல் சும்மா கிடைத்தது என்று அப்பா சந்தோஷப்பட்டதும் ஞாபகம் இருக்கிறது.

கொத்தனார் அண்ணனை மறுபடி கூப்பிட்டேன். ஒரு செங்கல்லை நெம்பி எடுத்து, அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார், ஈரமாக இருந்தது. “மேலயே தேச்சுக்கிட்டு இருந்தீக. கீழ என்ன கெடக்குன்னு பாத்தீகளா?” என்றார். செங்கல் என்பது விளக்குத்திரி மாதிரி. கீழே இருக்கிற ஈரத்தை உறிஞ்சி மேலே கொண்டுவரும். ஈரம் காற்றில் போகும், அதில் கரைந்திருந்த உப்பு போக வழியில்லாமல் மேலே தங்கும். காற்று வேகமாக அடித்தால் வேகமாகப் பூக்கும், அதனால்தான் சோழகத்தில் அவ்வளவு வெள்ளை. சரி, கீழிருந்து வருவது புரிந்தது. மேலிருந்து?

இதற்கு நான் செய்த சோதனைதான் இந்த ஏழு மாதத்தில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம், செலவும் கிடையாது. மூன்று எவர்சில்வர் தட்டு. ஒன்றில் ஒரு டம்ளர் போர் தண்ணீர், ஒன்றில் குழாய்த் தண்ணீர், ஒன்றில் மொட்டைமாடித் தொட்டியில் பிடித்து வைத்திருந்த மழைத்தண்ணீர். மொட்டைமாடி வெயிலில் வைத்தேன், தூசி விழாமல் மேலே கொசுவலைத் துணி. மறுநாள் சாயங்காலம் பார்த்தால், மழைத்தண்ணீர்த் தட்டில் ஒன்றுமில்லை. குழாய்த் தண்ணீர்த் தட்டில் வட்டமாக ஒரு மெல்லிய கோடு. போர் தண்ணீர்த் தட்டில் தளத்தில் இருந்த அதே வெள்ளை, நகத்தால் சுரண்டி எடுக்கிற கனத்தில்.

அம்மா தட்டைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததுதான் கஷ்டமாக இருந்தது.

ஊர்ஜிதம் செய்துகொள்ள 300 ரூபாய்க்கு, தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கிற டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கினேன், ஆர்.ஓ. மெக்கானிக்குகள் வைத்திருக்கிற பேனா மாதிரியான சாதனம். போர் 3,800 காட்டியது. அதாவது லிட்டருக்கு ஏறக்குறைய 3.8 கிராம் உப்பு. ஒரு தடவை தளத்தைக் கழுவ நான் பிடித்தது குறைந்தது 200 லிட்டர். கணக்குப் போட்டால் 760 கிராம். ஒவ்வொரு தடவையும் முக்கால் கிலோ உப்பைக் கரைத்துத் தளத்தில் ஊற்றியிருக்கிறேன். பெரும்பகுதி வழிந்து ஓடியிருக்கும், வாஸ்தவம். ஆனால் காய்ந்த செங்கல் முதல் வாளியைக் குடித்துவிட்டுத்தான் மிச்சத்தை ஓடவிடும். மார்கழியிலிருந்து மாசி வரை ஒன்பது தடவை கழுவியிருப்பேன்.

அதன் பிறகு ஈரத்தையே தொடாமல் வேலை செய்தேன். பங்குனி வெயிலில் காலை பத்து மணிக்கு மேல், தளம் எலும்பாகக் காய்ந்த பிறகு, பனந்தும்பு பிரஷால் உலர்வாகத் தேய்த்து, விழுந்ததை முறத்தில் வாரி வெளியே கொட்டினேன். பெருக்கி ஓரத்தில் தள்ளினால் அடுத்த பனியில் கரைந்து உள்ளேயே போகும், வாரித்தான் ஆக வேண்டும். முதல் நாள் வாரியதைச் சமையல்கட்டுத் தராசில் நிறுத்தேன், 410 கிராம். வாரம் ஒரு தடவை. நாலாவது வாரம் 90 கிராமுக்கு வந்தது. குறைகிறது, ஆனால் கீழே கடல்மணல் இருக்கிற வரைக்கும் நிற்காது என்பதும் தெரிந்தது.

நடுவில் துவைகல் பக்கத்து நாலு செங்கல்லில் ஒரு சோதனை. பழைய செய்தித்தாளைக் கிழித்து மழைத்தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்து, கூழாகப் பிசைந்து, அரை இன்ச் கனத்துக்குச் செங்கல்மேல் அப்பினேன். ஈரம் முதலில் செங்கல்லுக்குள் போய் உப்பைக் கரைக்கும், காயும்போது கரைசல் காகிதத்துக்கு ஏறும், உப்பு காகிதத்தில் தங்கும். மூன்று நாளில் அப்பளம் மாதிரி எழும்பி வந்தது, ஓரமெல்லாம் உப்புப் பரல். இரண்டு தடவை செய்ததும் அந்த நாலு செங்கல்லும் பக்கத்துச் செங்கற்களைவிட ஒரு நிறம் சிவப்பாகத் தெரிந்தன. 160 சதுர அடிக்கு இதைச் செய்ய ஊர்ப் பேப்பர் கடையையே வாங்க வேண்டியிருக்கும். ஆனால் பழைய வீட்டில் ஒரு சுவரோ ஒரு தூணோ மட்டும் உப்பு பூத்தால் தாராளமாகச் செய்யலாம்.

சித்திரையில் தளத்தைப் பெயர்த்தோம். செங்கல்லை நானே எடுத்து அடுக்கினேன், 500க்குக் கொஞ்சம் மேல். மேல்தோல் போனவை, உப்பு அரித்துப் பொரிந்தவை என்று 70 கழிந்தன. கடல்மணலை ஆறு இன்ச் ஆழத்துக்கு வாரி வெளியேற்றினோம். அடிமண்ணுக்கே சரிவு கொடுத்தார் கொத்தனார். பழைய தளத்தை டியூப் லெவல் வைத்துப் பார்த்தபோது பத்து அடிக்கு அரை இன்ச்சுகூடச் சரிவு இல்லை, துவைகல் தண்ணீர் தேங்கிப் பாசி பிடித்ததன் மூலகாரணமே அதுதான். இப்போது பத்து அடிக்கு ஒன்றரை இன்ச். அதன்மேல் மூன்று இன்ச் கனத்துக்கு முக்கால் இன்ச் ஜல்லி, மேலே ஒரு இன்ச் கனத்துக்குச் சிப்ஸ் என்கிற பொடி ஜல்லி, அதன்மேல் செங்கல். மணலில் ஏறுகிற ஈரம் ஜல்லியின் பெரிய இடைவெளிகளைத் தாண்டி ஏறாது. பாயிண்டிங் வேண்டாம் என்று விட்டுவிட்டு, இடுக்கில் அலசின எம்-சாண்டை (கல்லை உடைத்துச் செய்கிற மணல்) தூவிப் பெருக்கி நிரப்பினோம். பவளக்கல் வரிசையைக் குழி விழுந்த பக்கம் உள்ளே போகத் திருப்பி வைத்தார் கொத்தனார், கேட்காமலே.

முன்வாசல் கதை சின்னது. பைக் நிறுத்துகிற இடத்து ஆயில் கறைக்குச் சலவை சோடாவை வெந்நீரில் குழைத்து அப்பி, ஒரு மணி நேரம் விட்டு, தேய்த்தேன். மூன்று தடவையில் பாதிக்கு மேல் போயிற்று. மிச்சம் நிழல்போல் நிற்கிறது, நிற்கட்டும். மச்சானின் ஐஸ் பெட்டி ஸ்டாண்டு பதித்த துருவளையங்களுக்குச் சிட்ரிக் ஆசிட் பொடி, ஒரு லிட்டர் தண்ணீருக்கு நாலு ஸ்பூன். அதுவும் ஆசிட்தான், சிமெண்டைத் தின்னும், அதனால் இடத்தை முதலில் நனைத்துவிட்டு, பத்து நிமிடத்துக்கு மேல் விடாமல் கழுவிவிட்டேன். ஸ்டாண்டின் நாலு காலுக்கும் பழைய டயர்த் துண்டு வைத்தாயிற்று. ஓரங்களில் கொஞ்சம் உப்பு பூத்தது, வாராவாரம் உலர்வாகத் தேய்த்ததில் நின்றது. போன வருஷம் வெள்ளைத் தரையில் அம்மா போட்ட கோலம் கண்ணுக்கே தெரியாமல், “உப்பே கோலம் போட்டுருச்சு, நான் எதுக்கு?” என்று அலுத்துக்கொண்டவர், இப்போது மறுபடி புள்ளி வைக்கிறார்.

செலவைச் சொல்லிவிடுகிறேன். கொத்தனாரும் சித்தாளும் இரண்டு நாள், 3,400. முக்கால் ஜல்லி 2,000, சிப்ஸ் 650, எம்-சாண்ட் 250, புதுச் செங்கல் 770, ஏற்றிவந்த வண்டிக்கு 700. பூட்ஸ், கண்ணாடி, கையுறை மூன்றும் 600. பிரஷ்கள் 260, மீட்டர் 300, பிளீச்சிங் 120, சலவை சோடாவும் சிட்ரிக்கும் 140. பிரஷர் மெஷின் 500இல் பாதி உருப்படி, பாதி நஷ்டம். ஆசிட் 150 முழு நஷ்டம், கைலியும் நாலு பவளக்கல்லும் இந்தக் கணக்கில் வரவில்லை.

அடுத்த முறை என்றால் முதல் நாளே தட்டுச் சோதனை. ஒரு செங்கல்லை நெம்பி அடியைப் பார்ப்பது. பாசிக்குப் பிளீச்சிங்கைத் தேடுவதற்கு முன் அண்டாவில் கொதிக்கவைத்த தண்ணீரை ஊற்றிப் பார்ப்பேன். வைகாசியில் ஒரு மூலையில் முளைத்த பாசிக்கு அதைச் செய்தேன், இரண்டு நாளில் கருகி, பெருக்கினால் வந்துவிட்டது. ஊற்றும்போது பூட்ஸ் மட்டும் அவசியம். சிப்ஸுக்கு மேல் ஒரு வலைத்துணி விரிக்காமல் விட்டதும் தப்பு. இடுக்கு மணல் கொஞ்சம் கொஞ்சமாக ஜல்லிக்குள் இறங்குகிறது, மாதத்துக்கு ஒரு சட்டி எம்-சாண்ட் தூவ வேண்டியிருக்கிறது. பூவரசில் மேற்குப் பக்கத்து இரண்டு கிளையைக் கழித்தேன், இப்போது மதியத்துக்கு மேல் தளத்தில் வெயில் விழுகிறது. அதை முதலிலேயே செய்திருக்கலாம், அரிவாள் வீட்டிலேயே இருந்தது.

துவைகல்லை ஒட்டிய இரண்டு வரிசையில் மட்டும் இன்னும் லேசாக வெள்ளை தட்டுகிறது. துவைப்பது போர் தண்ணீரில்தான், வேறு வழியில்லை. கல்லைச் சுற்றி ஒரு சின்னக் கரை கட்டி, தண்ணீரைக் குழாயில் வாழைக்குத் திருப்பிவிடலாம் என்கிறேன். உப்புத் தண்ணீர் போனால் வாழை செத்துப்போகும், தென்னைக்கு விடு என்கிறார் அம்மா. தென்னை பதினெட்டு அடி தள்ளி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை குழாய் வாங்கப் போகிறேன்.